பவளத்துக்கு ஓர் அறை

நஸீபா கேட்காத கேள்விக்கு ஹாலிலிருந்து ஹுஸைஃபா பதில் சொன்னான்.

"ஆமா, ஆறடி தாராளம். அதுக்கு மேல போனா சுவரு தாங்காது."

அவள் சுவருக்குப் பின்னால், பழைய சாமான் அறையில், துடைக்கிற துணியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். ஹாலுக்கும் இந்த அறைக்கும் நடுவிலிருந்த சுவரை வெட்டி, அன்று காலையில்தான் கண்ணாடித் தொட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் இன்னும் விடவில்லை. வெறும் தொட்டியின் இரண்டு கண்ணாடிகள் வழியாகவும் பார்த்தால் ஹால் சோபா தெரிந்தது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் சமையலறை வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

"யார்ட்ட மச்சான் பேசுதீங்க?"

அவன் திடுக்கிட்டுத் தொட்டியைப் பார்த்தான். "நீ அங்கனயா நிக்க? இப்பத்தானே இங்கன வந்து, ஆறடி போதுமான்னு கேட்ட?"

"நான் இந்த ரூமை விட்டு வரவே இல்ல."

"சரிட்டி. சாரல் காத்துல காது அடைச்சிருக்கும்." சிரித்துவிட்டு அவன் குனிந்துகொண்டான்.

நஸீபாவும் சிரிக்கப் பார்த்தாள். உதட்டில் உப்புக் கரித்தது. கையிலிருந்த துணியை மூக்கருகே கொண்டுபோனாள். திருச்செந்தூர்க் கரையில் அலை வாங்கிப் போன பிறகு ஈர மணலில் நிற்குமே, அந்த வாடை. தொட்டித் தண்ணீரில் கலக்க வேண்டிய உப்பு மூட்டையோ இன்னும் வீடு வந்து சேரவில்லை.

ஹுஸைஃபாவுக்கு தோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலில் கடல்நீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அடுத்தவனுடைய பவளத்தை வளர்த்து வளர்த்து, தன் வீட்டிலும் ஒன்று வளர்க்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு முற்றிப்போயிருந்தது. இந்த லீவில் வந்த நாள் முதல் தென்காசி வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சுவரில் தொட்டி, அதற்குக் கீழே அழுக்கைப் பிரிக்க இன்னொரு தொட்டி, மூலையில் உப்புக் கலக்க நீல டிரம், தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மெஷின், மேலே நீல விளக்கு. பவளத் துண்டுகள் கொச்சியிலிருந்து செங்கோட்டை வழியாக வரும். வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று அறையின் ஒரே ஜன்னலையும் அடைக்கச் சொன்னான். வேல்ராஜ் கொத்தனார் வந்து செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார். உப்புக்காற்று வீட்டுக்குள் பரவினால் ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் துருப்பிடித்துப் போகுமாம். அதற்காக ரப்பர் பட்டை வைத்த கனமான கதவு ஒன்று மாட்டினார்கள். கைப்பிடி வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. உள்பக்கத்துக்கு வந்தது அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தான்.

"பவளத்தைப் பாத்தா கல்லு மாதிரி இருக்கும். ஆனா உசுரு," என்று சாப்பிடும்போது சொன்னான். "உப்பு கூடினாலும் போச்சு, சூடு கூடினாலும் போச்சு. ஆவியாப் போற தண்ணிய அன்னன்னைக்கு ஊத்தணும். நான் போனப்புறம் நீதான் பாத்துக்கணும்."

"அப்ப ஸ்கூலு?"

கடையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு சயின்ஸ் டீச்சர் வேலை உறுதியாகியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"அடுத்த வருஷம் பாப்போம். இத விட்டுட்டு காலைல போயி சாயங்காலம் வர முடியாதுலா."

அவன் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்துக்கொண்டே அவ்வளவு பிரியமாகச் சொன்னான்.

அடுத்த நாட்களில் அவள் அந்த அறைக்குள் போகாமல் இருக்க ஏதாவது காரணம் தேடினாள். போகாமலும் முடியவில்லை. அளவு பிடிக்க, வயரை நீட்ட, டிரம்மைக் கழுவ என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஜன்னல் இருந்த இடத்தில் பூசிய சிமெண்ட் காயவே இல்லை. கை வைத்தால் மீனின் வயிறு போலக் குளிர்ந்து லேசாக அமுங்கியது. மழைச் சத்தமும், குற்றாலம் போகிற வேன்களின் பாட்டுச் சத்தமும் கதவைத் தாண்டியதும் அறுந்துபோக, அந்த அமைதிக்குள் எங்கோ தரைக்குக் கீழே யாரோ சூடான டீயை உறிஞ்சுவதுபோல, விட்டு விட்டு, அவசரமே இல்லாமல், ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய மூச்சுச் சத்தம் என்று முதலில் நினைத்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை.

ஒருநாள் ஹுஸைஃபா பிரானூர் பார்டரிலிருந்து பரோட்டாவும் கோழியும் வாங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்கு மச்சான் இதெல்லாம்?"

"நீ அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"எப்படிச் சொன்னேன்?"

"வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், இங்கனயே இருந்துக்கிடுதேன்னு. என் தோள்ல சாஞ்சுக்கிட்டுச் சொன்னியே."

நஸீபாவின் கை பொட்டலத்தின் நூலிலேயே நின்றுவிட்டது. மதியம் முழுக்க அவள் மொட்டை மாடியில், நனைந்த துணிகளைக் கொட்டகைக்குள் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லல."

"விளையாடாத நஸீ."

"அல்லா மேல ஆணையா நான் சொல்லல மச்சான். இந்த வீட்டுல வேற யாரோ இருக்கா."

அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் இல்லை என்றான். பிறகு, கொஞ்சம் யோசித்து, "அவ இப்படியெல்லாம் சண்டை போடமாட்டா," என்றான். சொன்னது அவனுக்கே புரியாதவன்போல எழுந்து போய்க் கை கழுவினான்.

அவள் மாடிக்கு ஓடிப்போய் கடையத்தில் இருக்கிற மாஜிதா லாத்தாவுக்கு ஃபோன் போட்டாள். கூடப் பிறந்த அக்காவிடம் சொன்னால் போதும், வந்து கூட்டிப்போவாள்.

"லாத்தா, நான் உங்க வீட்டுக்கு வந்துருதேன். அங்கன இருந்தே ஸ்கூலுக்குப் போறேன்."

"ஏட்டி, உனக்கு என்ன ஆச்சு? ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணி வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நீதானே காலைல சொன்ன? நல்லாச் சிரிச்சுப் பேசுனியே. ரொம்ப நாளைக்கப்புறம் உன் குரலக் கேக்கவே அவ்வளவு நல்லா இருந்துச்சு."

நஸீபா ஃபோனைப் பிடித்தபடி நின்றாள். கீழே, வீட்டுக்குள், யாரோ சிரித்தார்கள். அவளுடைய சிரிப்பு. அவள் மறந்தே போயிருந்த, கல்யாணத்துக்கு முந்திய சிரிப்பு.

மறுநாள் கிளம்பிவிட்டாள். சாரல், மழையாகவே இறங்கியிருந்தது. சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதே மேற்கே மலை இருந்த இடம் தெரியாமல் வானம் கறுத்து, ஹாலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. புர்காவை மாட்டிக்கொண்டு பையோடு வந்தவளைப் பார்த்தும் அவன் தடுக்கவில்லை. தொட்டிக்குள் ஓஸ் குழாயைச் செருகிக்கொண்டிருந்தான்.

"லாத்தா வீட்டுக்குப் போறேன்."

"போ. யாரு வேண்டாம்னா? முதல் தண்ணி விடுதேன். ஒரு நிமிஷம் பின்னால போயி ஒட்டு கசியுதான்னு மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போ."

ஒரு நிமிஷம்தானே. பையையும் ஃபோனையும் சோபாவில் வைத்தாள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை வாசலில் தள்ளி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

உப்புக் கலக்காத போர்வெல் தண்ணீர் தொட்டியின் அடியில் சுழன்று ஏறியது. குனிந்து, ஒட்டின் ஓரமாக விரலை ஓட்டினாள். காய்ந்துதான் இருந்தது. அடுத்த மூலை. அதுவும் காய்ந்திருந்தது. சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நிமிர்ந்தபோது முதுகுக்குப் பின்னால் செங்கல் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

மெதுவாக. யாரோ காலால் நகர்த்துவதுபோல.

திரும்பினாள். கதவு சாத்தி, ரப்பர் பட்டை நிலையைக் கவ்விக்கொண்டது. கரண்டும் போயிற்று.

"மச்சான்!"

கதவில் கைப்பிடி இல்லை. நகத்தை விட இடுக்கு இல்லை. தட்டினாள். பஞ்சு மூட்டையைத் தட்டுவதுபோலச் சத்தம் உள்ளேயே விழுந்தது.

"மச்சான், கதவத் திறங்க!"

தொட்டியின் நீல விளக்கும் ஹால் விளக்கும் மட்டும் இன்வெர்ட்டரில் எரிந்தன. தண்ணீர் நிறைந்திருந்தது. அதற்குள் எப்படி நிறைந்தது? தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஹுஸைஃபா கைகட்டி நின்று தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை ஆட்டினாள். கத்தினாள். அவன் கண்கள் அவள்மேல் பட்டு, நிற்காமல் நகர்ந்தன. வெளிச்சத்தில் நிற்கிறவனுக்கு இருட்டு தெரியாது. அவ்வளவுதான். அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

பாதம் நனைந்தது.

தரையில் தண்ணீர். கணுக்கால். முழங்கால். புர்கா கனத்தது. வாயில் உப்பு. நல்ல உப்பு. கடல்.

ஹாலில் சமையலறைத் திரை விலகியது. இரண்டு டீ கிளாஸோடு ஒருத்தி வந்தாள். நஸீபாவின் பச்சை நைட்டி. நஸீபாவின் நடை. ஒரு கிளாஸை அவன் கையில் கொடுத்துவிட்டு, பையைத் தள்ளிவைத்து, சோபாவில் உட்கார்ந்தாள். அவன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் அவன் தோளில் சாய்ந்தாள்.

கண்ணாடியை உடைக்க வேண்டும். நஸீபா கையை ஓங்கிக் குத்தினாள். கை எதிலும் படவில்லை. பின்பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடி இல்லை. தண்ணீர்தான். அவள் கை நீல வெளிச்சத்துக்குள் நீண்டு போயிற்று. விரல்கள் வெளுத்துத் தெரிந்தன. நகம் இல்லை.

ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. குனிந்து தடவினாள். பாதம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சொரசொரப்பு.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. வாய்க்கு வந்தது. மூச்சு முட்டவில்லை.

சோபாவில் இருந்தவள் நிமிர்ந்தாள். நேராக நஸீபாவைப் பார்த்தாள். எழுந்து வந்து, கண்ணாடியில் ஒரு விரலை வைத்து, ஹுஸைஃபாவிடம் ஏதோ சொன்னாள். அவன் குனிந்து உற்றுப் பார்த்தான். அவன் கண்கள் இந்தத் தடவை நின்றன. விரிந்தன. பிள்ளைபோலச் சிரித்தான். அவன் உதடு அசைவதை நஸீபா படித்தாள்.

"ஆமாட்டி! உசுரு இருக்கு. அசையுது பாரு!"

அவள் அவன் பெயரைக் கத்த முயன்றாள். அவன் கை தொட்டிக்கு மேலே போயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசிக்கொண்டன. பொடிப் பொடியாக இரை, நீல வெளிச்சத்தில் சுழன்று, மெல்ல மெல்ல, அவளை நோக்கி இறங்கி வந்தது.

அவளைக் கேட்காமலே வாய் திறந்தது.