நாற்பத்தொன்பது போதாது

யாரோ சிரித்தார்கள்... அதுவும் தன்னைப் பார்த்து!

ஏஞ்சல் வெடுக்கென்று நிமிர்ந்தாள். மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் அந்தக் காலை நேரத்தில் ரயிலுக்கு வந்தவர்களைவிட மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் அதிகம். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் ஒருவன்... நனைந்த சட்டை, நெற்றியில் சொட்டிக்கொண்டிருக்கும் முடி, கழுத்தில் அவள் கல்லூரியின் அடையாள அட்டை. அவன் கண்கள் அவள் மடியில் விரிந்திருந்த நோட்டில் இருந்தன.

அந்த நோட்டில் சிரிக்க என்ன இருக்கிறது? இரண்டே வரி. எண்பத்தொன்றில் முப்பத்திரண்டு போனால் நாற்பத்தொன்பது. அந்த நாற்பத்தொன்பதைச் சுற்றி அவள் மூன்று வட்டம் போட்டிருந்தாள்.

அந்த மூன்று வட்டத்துக்குள் அவள் உயிரே இருந்தது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? ஏஞ்சல் அடையாறில் ஒரு கல்லூரியில் கணிதம் மூன்றாம் ஆண்டு. துறையில் முதல் மாணவி. கிண்டியில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு. இந்த செமஸ்டர் முடிவில் அவள் சராசரி எட்டரைக்குக் குறையக் கூடாது. மற்ற நான்கு பேப்பரில் பயமில்லை. ரியல் அனாலிசிஸ்தான் காலை வாரியது. இரண்டாவது இன்டர்னல் தேர்வன்று அம்மாவுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். பட்டினப்பாக்கம் மார்க்கெட்டில் அம்மாவின் மீன் கடையில் அன்று இவள்தான் உட்கார்ந்தாள். தேர்வு போயிற்று. இன்டர்னல் நாற்பதுக்கு முப்பத்திரண்டோடு நின்றது. இனி அந்தப் பேப்பரில் மொத்தம் எண்பத்தொன்று வந்து ஏ ப்ளஸ் கிடைத்தால்தான் எட்டரை, எட்டரை வந்தால்தான் வேலை.

ராத்திரியெல்லாம் பயந்துவிட்டு, இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெறும் நாற்பத்தொன்பது! தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதிவிடுவாளே... அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில்தான் இந்தச் சிரிப்பு.

"சிரிக்கிறதுக்கு இன்னா கீது இதுல?"

"நாப்பத்தொம்போது போதாதுங்க," என்றான் அவன். "எண்பத்திரெண்டு வேணும்."

சுருக்கென்றது அவளுக்கு. எந்தத் துறை என்று கேட்டாள். பி.காம் என்றான். அரியர் உண்டா என்று கேட்டாள். ஒன்று உண்டு என்று ஒளிக்காமல் சொன்னான். பாஸாக எத்தனை வேண்டும், எத்தனை வேண்டும் என்று ஐந்து செமஸ்டராகக் கணக்குப் போட்டே கை தேய்ந்துவிட்டது, இந்த ஒரு கணக்கில் மட்டும் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று வேறு பெருமையடித்தான். கணிதத்தில் முதல் மாணவிக்கு பி.காம் அரியர் பாடம் எடுப்பதா?

"பாஸ் மார்க்குக்கு கணக்கு போட்டே காலத்த ஓட்றவங்க எனக்கு க்ளாஸ் எடுக்க வேணாம்," என்றாள்.

அந்தக் கண்களில் இருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது. எழுந்தான். ரயில் வந்ததும் தள்ளிப் போய் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

ஜெயித்துவிட்ட மிடுக்கோடுதான் ஏஞ்சலும் ஏறினாள். கோட்டூர்புரம் தாண்டும்போது சும்மா ஒரு தரம் நோட்டைத் திறந்தாள்... அப்போதுதான் உறைத்தது. கேள்வித்தாள் நூறு மார்க்குக்கு. எழுதியதை அறுபதாகக் குறைத்துத்தான் இன்டர்னலோடு சேர்ப்பார்கள். அந்த அறுபதில்தான் நாற்பத்தொன்பது வேண்டும். நூற்றுக்கு எவ்வளவு? எண்பத்தொன்றரைக்கு மேலே. அதாவது... எண்பத்திரண்டு!

முதல் மாணவிக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. எவ்வளவு போதும் என்று பார்த்துப் படித்தே பழக்கமில்லாதவள் அவள். மார்க் தானாக வரும், இவள் வாங்கிக்கொள்வாள். கல்லூரியில் கடைசி பெஞ்சுக்கெல்லாம் மனப்பாடமான கணக்கு இவளுக்குத் தெரியவில்லை. அவன் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால்? புத்தகத்தை மூடி வைத்திருப்பாள், வேலை கையைவிட்டுப் போயிருக்கும். சே, அவனைப் போய் அப்படிச் சொன்னோமே என்று மனசு அடித்துக்கொண்டது. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மூன்று நாள் தேடினாள். கடைசியில் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காஷிஃப்தான் ஆளைச் சொன்னான். பெயர் டில்லிபாபு. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அபிராமபுரம் தெருக்களில் தண்ணி கேன் போடுகிறான். லிஃப்ட் இல்லாத வீடுகளில் மூன்று மாடி, நான்கு மாடி தோளில் தூக்கி ஏற வேண்டும். முடித்துவிட்டு ஓடி வருவதற்குள் முதல் வகுப்பு போய்விடும், அதோடு இன்டர்னல் மார்க்கும் போய்விடும். மிச்சம் இருப்பது புள்ளியியலில் ஒரே ஒரு அரியர். அதை முடித்தால்தான் டிகிரி. இல்லாவிட்டால் கேன்தான் கடைசிவரைக்கும் என்றான் காஷிஃப்.

பாஸ் மார்க்குக்குக் கணக்குப் போட்டே காலத்தை ஓட்டுகிறவன்... தான் சொன்னது தனக்கே திரும்பி வந்து தைத்தது ஏஞ்சலுக்கு.

மறுநாள் மந்தைவெளியில் அதே பெஞ்ச், அதே மழை. எதிரில் போய் நின்று, அவன் சொன்னது சரி, தான் சொன்னது தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னாள். பரவாயில்லைங்க என்று தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னான் அவன். புள்ளியியல் தான் சொல்லித் தருவதாகச் சொன்னாள்.

"பாவம் பாத்து ஒண்ணும் சொல்லித் தர வேணாங்க."

அடேயப்பா, என்ன ரோஷம்... இவளுக்கும் ரோஷம் குறைச்சலா என்ன? பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். இன்டர்னல் எவ்வளவு என்று அதட்டினாள். இருபத்திரண்டு என்றான். பாஸாக நூற்றுக்கு நாற்பத்தேழு எடுத்தால் போதும் என்று பழக்கதோஷத்தில் அதையும் சொல்லிவைத்தான். அவள் காதிலேயே வாங்கவில்லை. ஏ கிரேடு வாங்க மொத்தம் எழுபத்தொன்று வேண்டும். எழுபத்தொன்றில் இருபத்திரண்டு போனால்...

பேனா நின்றது. நாற்பத்தொன்பது!

அவன் எட்டிப் பார்த்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்கும் அதே நாப்பத்தொம்போது. நூத்துக்கு எண்பத்திரெண்டு," என்றாள் ஏஞ்சல். "அதுக்கு கொறச்சலா எழுதறவங்களுக்கு நான் சொல்லித் தர்றதில்ல."

அதன்பிறகு எட்டு நாள் அந்த பெஞ்ச்தான் வகுப்பறை. கேன் போட்டு முடித்து எட்டு மணிக்கு அவன் மூச்சு வாங்க ஓடி வருவான். அவளிடம் பார்முலா எல்லாம் கிடையாது. எந்தத் தெருவில் எந்தக் கிழமை எத்தனை கேன் என்று அவனையே சொல்லச் சொல்லி, அதை வைத்தே சராசரியும் திட்ட விலக்கமும் போட வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் எகிறுகிறது என்று அவனே விளக்கம் சொன்னான். இத்தனை வருஷம் பயந்து ஓடிய பாடம், தான் தினம் தோளில் சுமப்பதுதான் என்று அவனுக்குப் புரிந்தபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே...

பதிலுக்கு அவள் நிரூபணங்களை ஒப்பிப்பாள், அவன் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வான். ஒரு எழுத்து புரியாது. ஆனால் விரலை வைத்து வரிவரியாக வருவான். நடுவில் ஒரு வரி விட்டுப்போச்சுங்க என்பான். அப்படி அவள் விட்ட வரிகள் ஒன்றா இரண்டா... அவசரத்தில் தாண்டிப் போவது அவள் பழக்கம், அதைப் பிடித்துப் பிடித்துத் திருத்தினான்.

எத்தனையோ ரயில் வந்து போயிற்று. மழை சாரலாகப் பெஞ்சு வரைக்கும் வரும்போது அவன் நகர்ந்து உட்கார்ந்து, சாரலை முதுகில் வாங்கிக்கொள்வான். அவன் கண்களில் எப்போதும் ஒரு சிரிப்பு காத்திருந்தது, எப்போது கூப்பிடுவார்கள் என்கிற மாதிரி. அதைக் கூப்பிடுவதற்காகவே ஏஞ்சல் ஏதாவது குறும்பாகச் சொல்ல ஆரம்பித்தாள். அட, நமக்கென்ன ஆயிற்று என்று ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததால் மேலே கேட்கவில்லை.

தேர்வுக்கு முதல் நாள். புத்தகத்தை மூடிவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தான் டில்லிபாபு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லேன்... சொல்லித் தொலையேன்...

"ரிசல்ட்டு வரட்டுங்க," என்றான். "எண்பத்திரெண்டு வாங்காம உங்க எதிர்ல வர மாட்டேன்."

சொன்னபடியே செய்தான், பாவி! தேர்வு முடிந்தது. டிசம்பர் போயிற்று. தினமும் எட்டு மணிக்கு ஏஞ்சல் மந்தைவெளி படிக்கட்டில் ஏறினாள். தினமும் பெஞ்ச் காலியாக இருந்தது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, சில நாள் அழுகையும் வந்தது. யார் கேட்டார்கள் அந்த எண்பத்திரண்டை? தான்தானே கேட்டோம் என்று நினைப்பு வரும்போது இன்னும் கோபம் வந்தது.

ஜனவரியில் ஒரு காலை, மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. மீன் கை... புறங்கையால் போனைத் தட்டினாள். ரியல் அனாலிசிஸ். இன்டர்னல் முப்பத்திரண்டு, செமஸ்டர் ஐம்பத்தொன்று, மொத்தம் எண்பத்து மூன்று. ஏ ப்ளஸ்! சராசரி எட்டரைக்கு மேலேயே நின்றது. கிண்டி வேலை அவளுடையது.

அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா அழுதாள், பிறகு வரிசை முழுக்கக் கேட்கும்படி பெண்ணுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள், வஞ்சிரம் வாங்க வந்த முன்பின் தெரியாத ஆளிடமும் சொன்னாள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் மணியைப் பார்த்தாள் ஏஞ்சல். எட்டாகப் பத்து நிமிஷம். கையை அலம்பினாளோ இல்லையோ, கல்லூரிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மந்தைவெளி படிக்கட்டை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினாள். பெஞ்சில்... அவன் இருந்தான்!

முதல் தடவையாக நனையாத சட்டை போட்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்று போனை நீட்டினான். புள்ளியியல். இன்டர்னல் இருபத்திரண்டு, செமஸ்டர் நாற்பத்தொன்பது, மொத்தம் எழுபத்தொன்று. ஏ கிரேடு. அரியர் இல்லை. டிகிரி கைக்கு வந்துவிடும்.

அழுகையும் சிரிப்புமாக முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. அதைக் காட்டிக்கொள்வாளா?

"கரெக்ட்டா எழுவத்தொண்ணு... இப்பவும் மினிமம்தானா?"

"மினிமம்தான். ஆனா நீ சொன்ன மினிமம்," என்றான்.

நீ... இத்தனை நாள் நீங்க, நீங்க என்று தள்ளி நின்றவன்! அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு காத்திருக்கவில்லை, நிறைந்து நின்றது.

"ஏஞ்சலு... எனக்கு உன்ன புடிச்சிருக்குது. மூணு ரவுண்டு போட்டுக்கினு குந்திக்கினு இருந்தியே, அன்னிக்கே புடிச்சிப் போச்சி. அப்ப சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. இன்னிக்கி சொல்றேன்."

வேளச்சேரி ரயில் வந்து நின்றது, போயிற்று. இரண்டு பேரும் ஏறவில்லை. ஏஞ்சல் பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தாள். மூன்று வட்டம் போட்ட பக்கத்தைத் தேடித் திறந்து, கீழே பேனாவால் எழுதி அவனிடம் நீட்டினாள். நாற்பதுக்கு நாற்பது.

"இன்டர்னல் முழு மார்க்கும் போட்டுட்டேன்," என்றாள். "எனக்கும் உன்ன ரொம்ப புடிச்சிருக்கு. மீதி அறுபது எங்கம்மா கைல கீது."

டில்லிபாபு நோட்டையே பார்த்தான். பழக்கதோஷம் எங்கே போகும்?

"உங்கம்மாகிட்ட... பாஸாவறதுக்கு எவ்ளோ வேணும்?"

ஏஞ்சல் முறைத்தாள். அந்த முறைப்புக்கு முன்னால் எந்த ஆம்பளையால் நிற்க முடியும்? அவன் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டான், அறுபதுக்கு அறுபதும் எழுதுவதாகச் சத்தியம் செய்தான், தண்ணி கேன் தூக்குகிற தோளுக்கு மீன் கூடை பெரிய பாரமா என்று வேறு கேட்டான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் படி இறங்கி, வெயிலில், பட்டினப்பாக்கம் மார்க்கெட்டைப் பார்த்து நடந்தார்கள்.