கொத்தமல்லிப் பூவுக்கு வந்தவை

கத்திரிச் செடிகளில் ஒரு புழுகூட இல்லை என்பதுதான் கமலாக்ஷிக்கு முதலில் உறுத்தியது. புழு இல்லாவிட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றால், அதுவும் சரிதான். ஆனால் மட்டாஞ்சேரியில், இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்தில், இலை இலையாகப் புரட்டியும் ஒரு ஓட்டை இல்லாத செடியை யாரும் கண்டதில்லை.

மிளகுக் கிடங்குக்கு மேலே இருந்த மாடி வீடு. அதன் பால்கனியில் மண்ணெண்ணெய் டின்களும் விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிகளும்தான் அவளுடைய தோட்டம். போன வருஷம், ஐம்பத்தேழில், புழுவுக்குப் புகையிலைத் தண்ணீர் தெளித்தாள். புழுக்கள் அசையவில்லை, கொச்சங்காடியில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவன் வைத்தீஸ்வரன்தான் நாள் முழுக்கத் தும்மினான். இந்த வருஷம் தெளிப்பதை விட்டுவிட்டு, கொத்தமல்லியையும் சதகுப்பையையும் பறிக்காமல் பூக்க விட்டாள். பக்கத்தில் ஒரு சட்டியில் கூழாங்கல்லும் தண்ணீரும், இன்னொன்றில் குழைத்த களிமண்ணும் வைத்தாள்.

குளவிகள் வந்தன. பூவின் தேன் அவற்றுக்கு. புழு அவற்றின் பிள்ளைகளுக்கு. குளவி புழுவைக் கொட்டும், கொல்லாது. அசைய முடியாமல் செய்து, மண் கூட்டுக்குள் உயிரோடு அடுக்கி, முட்டையிட்டு, வாயை அடைத்துவிடும். குஞ்சு பொரியும்வரை சாப்பாடு கெடாமல் இருக்க வேண்டுமே.

முதல் கூடு படுக்கையறை உத்தரத்தில் வந்தது. இரண்டு முறை கலைந்த வயிறு, மூன்றாம் முறை ஐந்து மாதத்தைத் தாண்டியதும் அந்த வாரம்தான்.

"கலைச்சுடாதே, கேட்டியோ," என்றாள் அடுத்த வீட்டுக் கனகாம்பாள். "குளவி கூடு கட்டின ஆத்திலே குழந்தை தங்கும். கூட்டை உடைச்சா அதுவும் போயிடும்."

வைத்தீஸ்வரன் சிரித்தான். "அப்போ நான் எதுக்கு மாமி? குளவியே போறுமே."

"நீ இருந்துதான் ரெண்டு தடவை பாத்தோமேடா."

புழு தீர்ந்த பிறகு சுவரில் பல்லிகள் காணாமல் போயின. கட்டைவிரல் அளவு கூடுகள் தேங்காய் அளவுக்கு வந்தன. அப்புறம் கிடங்கின் சாம்பல் பூனை வருவது நின்றது. அரிசி பருப்பு வைக்கும் உக்கிராண அறை மூலையில், பலாப்பழம் போல ஒரு மண் உருண்டை.

வைத்தீஸ்வரன் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவள் அதில் காதை வைத்தாள். கீழிருந்து ஏறிவரும் மிளகு நெடி, ஓட்டில் விழும் மழையின் ஒரே சீரான இரைச்சல், படகுத்துறையில் யாரையோ வையும், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரனின் குரல், இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஈர மண்ணுக்குள், சன்னமாக, விட்டு விட்டு, ஒரு பூனை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மண் இன்னும் காயவில்லை. நகத்தால் சுரண்டினால் போதும். வயிற்றில் பிள்ளை உதைத்தது. கையை எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவனே பார்த்துவிட்டான்.

"என்னடி இது, உக்கிராணத்திலே?"

"குளவிதான்."

"இத்தனாம் பெரிசு கட்டற குளவிக்கு ரேஷன் கார்டு எடுக்கணுமாக்கும். நாளைக்கு லீவு. எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளறேன்."

"வேண்டாம். குழந்தை பொறக்கட்டும். அப்புறம் இடியுங்கோ."

"மண்ணுக்கும் வயித்துக்கும் என்னடி சம்பந்தம்?"

"தெரியாது. மூணாவதையும் பறிகொடுத்துத் தெரிஞ்சுக்க எனக்குத் தெம்பில்லை."

 அவன் மனசு மாறியதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தவள் கண்ணசந்துவிட்டாள். விழித்தபோது வீடு இருட்டிக் கிடந்தது. மழை மேகம் என்றுதான் நினைத்தாள், ஜன்னலைப் பார்க்கும்வரை. கண்ணாடி முழுக்கச் சிறகுகள். வெளிப்பக்கம் அல்ல.

காயலோரச் சேற்றின் வாசனை. மிளகு நெடியே இல்லை.

சப். சப். ஈர மண்ணைத் தட்டும் சத்தம்.

"ஏன்னா," என்று கூப்பிட்டாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

படுக்கையறைக்குப் போனாள். வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை. கீழிருந்து மேல்வரை மண். வழவழவென்று, ஈரமாக. நெஞ்சு உயரத்தில் ஒரு துவாரம் மட்டும் பாக்கி.

கண்ணை வைத்தாள்.

வைத்தீஸ்வரன் முழங்காலை மார்போடு மடக்கிக் கிடந்தான். பிடரியில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. கண்கள் திறந்திருந்தன. செத்தவனின் கண்கள் அல்ல. நகர்ந்தன. அவளைப் பார்த்தன.

துவாரத்தில் விரல்களை நுழைத்தாள். மண் இளக்கம்தான். இழுத்தால் வந்துவிடும். இழுத்தாள்.

அடிவயிற்றில் சுருக்கென்றது. அவளுக்குத் தெரிந்த வலி. இரண்டு முறை தெரிந்த வலி.

விரல்கள் நின்றன. வலியும் நின்றது.

தலைக்கு மேல் இரைச்சல். அவள் விரலுக்குப் பக்கத்தில் ஒரு மண் உருண்டை வந்து ஒட்டியது. அப்புறம் இன்னொன்று. விரல்களை இன்னும் எடுக்கவில்லையே என்று காத்திருப்பதுபோல இரைச்சல் தணிந்தது.

உள்ளே அவன் கண்கள் சிமிட்டவில்லை. அவற்றால் முடிந்ததெல்லாம் பார்ப்பது. பார்த்தன.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. பசித்த குழந்தை மாரைத் தேடுவதுபோல, துவாரத்தின் பக்கமாகத் தலையால் முட்டியது. முட்டிக்கொண்டே இருந்தது.