உள்பக்கக் கைப்பிடி

என் பேரு குணசுந்தரி. சுங்கைப் பட்டாணியில ஒரு கதவுச் சாமான் கடையில பதினேழு வருஷமா வேலை. வீடு கட்டுறவங்க, ஹாஸ்டல் கட்டுறவங்க வருவாங்க. எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு, எத்தனை கீல், என்ன கைப்பிடின்னு நேர்ல போய்ப் பார்த்து யோசனை சொல்றது என் பொறுப்பு. பேய்க் கதையெல்லாம் எனக்கு ஆகாது. இந்த ஒன்னை மட்டும் நானே சொல்லிடறேன். ஊர்ல ஆளுக்கு ஒரு விதமா சொல்லிட்டுத் திரியறாங்க, எரிச்சலா இருக்கு.

போன மார்ச் மாசம், மத்தியானம் ரெண்டு மணி. கோலக்கெட்டில் தாண்டி பாலிங் போற சாலையில இருந்து உள்ள திரும்பினா ஒரு பழைய தோட்டம். இப்ப எல்லாம் செம்பனை. தோட்டத்துக் கணக்கு எழுதின கிராணி குடியிருந்த பழைய வீட்டைச் சுத்தி மட்டும் பத்து, பன்னிரண்டு ரப்பர் மரம் மிச்சம் நிக்குது. வெயில் மண்டையைப் பிளக்குது, ஆனா வீட்டுக்குள்ள கால் வச்சதும் ஈரச்சுவர் வாடை. சுவத்துல கை வச்சேன். சில்லுன்னு இருந்துச்சு.

வரச் சொன்னவரு பரஞ்சோதி. கையுறை ஃபேக்டரிக்கு ஆள் அனுப்புறவரு. ஆறு ரூம்பு, பதினாலு பொண்ணுங்க தங்கறதுக்கு அந்த வீட்டைத் தயார் பண்றாரு. எல்லாம் பாலிங் பக்கம், சிக் பக்கம் தோட்டத்துல இருந்து வர்ற பிள்ளைங்க. மனுஷன் மோசமானவருன்னு சொல்ல மாட்டேன். வந்ததும் குளிர்ந்த தண்ணி கொடுத்தாரு, உக்காரச் சொன்னாரு.

"போன வருஷம் ஒரு பொண்ணு ராத்திரியில எவனோடவோ போயிருச்சும்மா. அவ அப்பா என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்து அழுதாரு. எனக்கு இனி அந்தப் பாவம் வேணாம். பத்து மணிக்கு எல்லா ரூம்பையும் வெளியில பூட்டணும். சாவி என் பாக்கெட்ல. காலையில வேன் வரும்போது திறந்து விடுவேன். அதுக்குத் தோதா ஒரு சாமான் சொல்லு."

"நீங்க எங்கண்ணே படுப்பீங்க?"

"பாலிங்ல. என் வீட்டுல."

"இங்கிருந்து எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம் ஆகும் லா."

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "அண்ணே, வெளியில இருந்து எவனும் உள்ள வரக்கூடாதுன்னா சொல்லுங்க, யானை முட்டினாலும் அசையாத பூட்டு தர்றேன். உள்ள இருக்கிறவங்க வெளிய வரக்கூடாதுன்னா என்கிட்ட சாமான் இல்ல. ஆளு படுக்கிற கதவை உள்ள இருந்து சாவி இல்லாம, வெளிச்சம் இல்லாம, ஒரே கையால திறக்க முடியணும். வயரு தீப்பிடிச்சா அந்தப் பிள்ளைங்க நீங்க கெரேத்தாவை ஓட்டிட்டு வர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சிட்டு இருக்குமா?"

அவரு சிரிச்சிட்டு எழுந்தாரு. "பழைய ஆளுங்க விவரமானவங்க. வந்து பாரு, பின்னாடி ரூம்புல ஒன்னு இருக்கு. அதே மாதிரி ஆறு கதவுக்கும் வேணும்."

பின்கட்டு நடை குறுகலா, இருட்டா இருந்துச்சு. கடைசிக் கதவு கெட்டி மரம். வெளிப்பக்கத்துல முழங்கை நீளத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள். உள்பக்கத்துல பிடிக்க ஒரு கொக்கி கூடக் கிடையாது. வெளிப்பக்கமா திறக்கிற கதவு அது.

"அளந்துக்க," அப்படின்னாரு.

சரி, அளக்கிறதுல என்ன, வேலையை முடிச்சிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போவோம்னு உள்ள போனேன். ஒரு சின்ன ஜன்னல், கம்பி போட்டது. உள்ள அழுக்குத் துணி ஊறின தண்ணி மாதிரி ஒரு நாத்தம். அளவு டேப்பை இழுத்து, "அந்த முனையைப் பிடிங்கண்ணே"ன்னு பின்னாடி நீட்டினேன். பிடிச்சாரு. டேப் விறைப்பா நின்னுச்சு. நான் இந்தப் பக்கம் குனிஞ்சு நிலையைப் பார்த்து அளவைக் குறிச்சேன்.

அப்பதான் அவரோட குரல் கேட்டுச்சு.

முன்பக்க வாசல்ல. போன்ல யார்கிட்டயோ வேன் வாடகை பேசிட்டு இருந்தாரு.

டேப் இன்னும் விறைப்பாத்தான் இருந்துச்சு.

நான் திரும்பல. திரும்ப முடியல. என் கண்ணு எதிர்ல இருந்த நிலை மரத்திலேயே நின்னுச்சு. அப்பதான் அந்தக் கீறலைப் பார்த்தேன். கதவை உள்ள இருந்து திறக்கப் பார்க்கிறவங்க பூட்டுப் பக்கத்தைத்தான் சுரண்டுவாங்க. இங்க கீல் பக்கத்துல சுரண்டியிருந்துச்சு. கணுக்கால் உயரத்துல ஒன்னு, இடுப்பு உயரத்துல ஒன்னு, தலை உயரத்துல ஒன்னு. மூனு கீல் இருக்கிற அதே மூனு இடம். மரம் விரல் ஆழத்துக்குக் குழிஞ்சிருந்துச்சு.

கதவோட பலவீனம் பூட்டு இல்ல, கீல். அதோட ஆணியை உருவிட்டா கதவையே கழட்டி வச்சிடலாம். ஆனா கதவு எந்தப் பக்கம் திறக்குதோ, ஆணி அந்தப் பக்கம்தான் இருக்கும். இந்தக் கதவுக்கு வெளிய. உள்ள இருந்த ஆளுக்கு விவரம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஆணி கைக்கு எட்டல.

கதவு தானா மெதுவா மூடிச்சு.

தாழ்ப்பாள் இழுபடற சத்தம். இரும்பு இரும்புல உரசி, கடைசியில டக்குன்னு உக்காந்துச்சு.

ஜன்னல் வெளிச்சமும் போயி, ஒரே இருட்டு.

மூச்சு. என்னோடது இல்ல.

காதுக்குப் பக்கத்துல, தொண்டை வறண்ட ஒரு பொம்பளைக் குரல்.

"எப்படித் திறக்கிறது?"

பதினேழு வருஷத்துல ஆயிரம் பேரு என்கிட்ட கேட்ட கேள்விதான் அது. பயம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா யோசனை கேட்டு வந்த யாருக்கும் நான் பொய் சொன்னது கிடையாது.

"முடியாதும்மா," அப்படின்னேன். "இந்தக் கதவை உள்ள இருந்து திறக்க முடியாது. ஆணி வெளிப்பக்கம் இருக்கு. நீ சரியான இடத்துலதான் தேடியிருக்க. உன் மேல தப்பில்ல. இப்படி மாட்டினவன் மேலதான் தப்பு."

அப்புறம் டேப் தொளதொளன்னு தரையில விழுந்துச்சு.

தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தது ஒரு பொண்ணு. இருபது, இருபத்தொரு வயசு இருக்கும், கையில விளக்குமாறு. லோகேஸ்வரின்னு பேரு. மத்த பிள்ளைங்களுக்கு முன்னாடியே வந்து வீட்டைச் சுத்தம் பண்ணிட்டு இருக்கிறவ.

"யாரு சாத்தினது?"ன்னு கேட்டேன்.

"நடையில யாருமே இல்லக்கா," கிசுகிசுன்னு சொன்னா. "உங்ககிட்டயும் கேட்டுச்சா? நான் கூட்ட வர்றப்ப எல்லாம் கேக்குது. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு ஓடிருவேன். கிராணி காலத்துல ஒரு பொம்பளையை இதுல வச்சுப் பூட்டினாங்களாம். எதுக்குன்னு ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. காளியம்மான்னு பேரு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க." நடையை ஒரு தடவை எட்டிப் பார்த்தா. "அக்கா, இன்னைக்கு ராத்திரியில இருந்து எனக்கு இந்த ரூம்புதான். பரஞ்சோதி அண்ணன் வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிருவாரு."

என் பயமெல்லாம் எங்க போச்சோ தெரியல, கோபம் மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. பையில இருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். தாழ்ப்பாள்ல எட்டு ஸ்க்ரூ, எல்லாம் துரு. மூனாவது கழட்டறப்ப பரஞ்சோதி ஓடி வந்தாரு.

"எம்மா, என் வீட்டுச் சாமான்ல கை வைக்காத."

"போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. ஒரு பொம்பளை வந்து தாழ்ப்பாளைக் கழட்டிட்டான்னு. எதுக்குக் கழட்டினான்னு கேப்பாங்க, அதையும் மறக்காம சொல்லுங்க."

"நீ இல்லைன்னா பாலிங்ல வேற கடை இல்லையா?"

"இருக்கு. மாட்டுங்க. நான் தெனம் வந்து கழட்டுறேன். தொழிலாளர் இலாகாவுக்கும் போவேன், தீயணைக்கிற பொம்பாவுக்கும் போவேன், அந்தப் பதினாலு பிள்ளைங்களோட அப்பன் ஆத்தா வீட்டுக்கும் போவேன்."

லோகேஸ்வரி விளக்குமாத்தைக் கீழ வச்சிட்டு என் பக்கத்துல வந்து நின்னா. "அண்ணே, நான் இதுல படுக்க மாட்டேன். உள்ள ஆள் இருக்கு," அப்படின்னா. அவரு முகத்தைப் பார்த்துத்தான் சொன்னா.

பரஞ்சோதிக்கு முகம் சிவந்து போச்சு. "ரெண்டு பேரும் சேர்ந்து கதை விடறீங்க. நான் போய் நிக்கிறேன், எந்தப் பேய் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்." விறுவிறுன்னு உள்ள போயி கதவு விளிம்பைப் பிடிச்சு இழுத்துச் சாத்திக்கிட்டாரு. அதே நேரத்துல எட்டாவது ஸ்க்ரூவும் கழண்டு, தாழ்ப்பாள் மொத்தமா என் கையோட வந்துருச்சு.

ஒரு நிமிஷம் ஆச்சு.

உள்ள இருந்து கதவைத் தள்ளுற சத்தம். அப்புறம் தோளால இடிக்கிற சத்தம். பலகை துளி கூட அதிரல. நானும் லோகேஸ்வரியும் விளிம்புல விரல் விட்டு இழுத்தோம். வெறும் மரம், பிடிச்சு நிறுத்த ஒரு கொக்கி கூட இல்ல, ஆனா வரல.

"விளையாடாதம்மா. தாழ்ப்பாளைத் திற."

"தாழ்ப்பாள் என் கையில இருக்குண்ணே."

உள்ள சத்தம் நின்னுச்சு.

அந்த நடையில சுவரு முழுக்க வேர்த்து, தண்ணி கோடு கோடா இறங்குச்சு. லோகேஸ்வரி என் கையை இறுக்கிப் பிடிச்சா.

"குணசுந்தரி." குரல் சுருங்கிப் போயிருந்துச்சு. "இங்க யாரோ கேக்குறாங்க."

"என்ன கேக்குறாங்க?"

"எப்படித் திறக்கிறதுன்னு."

"சொல்லுங்க. இதே மாதிரி ஆறு வேணும்னீங்களே. உள்ள இருக்கிறவங்களுக்குப் பதில் தெரிய வேணாமா?"

நகத்தால மரத்தைச் சுரண்டற சத்தம் மட்டும் வந்துச்சு, கீழ, நடுவுல, மேல. மூனு இடத்துலயும் ஒரே நேரத்துல. அதுல எது அவரு கைன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது.

அப்புறம் அவரு அழுதாரு. "மாட்டலம்மா. ஒரு கதவுலயும் வெளிய மாட்டல. என் பிள்ளைங்க மேல சத்தியம்." அந்த 'அம்மா' எனக்கு இல்லன்னு புரிஞ்சுது.

கதவு தானா ஒரு சாண் திறந்துச்சு.

வெளிய வந்த மனுஷன் சுவரோரமா உக்காந்து தண்ணி கேட்டாரு. அதுக்கப்புறம் அவரு அந்தக் கதவை நிமிர்ந்து பார்க்கவே இல்ல. மறுநாளே கடைக்கு வந்து நான் சொன்ன சாமானை எழுதிக்கிட்டுப் போனாரு. வெளிப்பக்கம் சாவி, அந்தந்தப் பொண்ணு கையில. உள்பக்கம் சாவியே இல்லாத கைப்பிடி, கீழ அமுக்கினா எப்பவும் திறக்கும். வாசக்கதவுக்கு நல்ல கெட்டிப் பூட்டு, அதுவும் அதே மாதிரி உள்ள இருந்து சும்மா திறக்கிறது. பின்னாடி ரூம்பை மத்த பிள்ளைங்க யாரும் கேக்கல. லோகேஸ்வரியே எடுத்துக்கிட்டா. "திறக்கிற கதவுன்னா எனக்கு என்னக்கா பயம்?" அப்படின்னா.

ஒரு மாசம் கழிச்சு அவகிட்ட இருந்து போன். "கைப்பிடி தொங்குதுக்கா. வந்து பாருங்க."

எனக்கு அவமானமா போச்சு. நான் கொடுத்த சாமான் ஒரு மாசத்துல தொங்கறதா? ஞாயித்துக்கிழமை காலையில போனேன். பதினாலு பிள்ளைங்களும் வாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டு ஒரே சிரிப்பும் சத்தமுமா இருந்துச்சு. லோகேஸ்வரியோட உள்ள போயி கைப்பிடியைக் கழட்டிப் பார்த்தேன். இந்த வகையில ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. உள்பக்கத்து ஸ்பிரிங் தேஞ்சு அறுந்திருக்கு. மேல்பூச்சு போயி, நாலு விரல் படற இடத்துல மட்டும் பித்தளை பளபளன்னு தெரியுது.

இந்த ஸ்பிரிங்கை மிஷின்ல மாட்டி ரெண்டு லட்சம் தடவை அமுக்கிச் சோதிச்சுத்தான் விக்கிறாங்க. ரெண்டு லட்சத்துக்கு மேல அமுக்கினாத்தான் இப்படி அறுந்து போகும்.

"நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்ப?"

"காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. பகல்ல வீட்டுலயே யாரும் இல்லக்கா, எல்லாரும் ஃபேக்டரியில இருக்கோம்."

நான் பையில இருந்து புதுக் கைப்பிடியை எடுத்து மாட்டினேன். ஸ்க்ரூ ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு. மாட்டி முடிச்சு, கதவைச் சாத்தி, காலி ரூம்பைப் பார்த்துச் சத்தமாவே சொன்னேன்.

"தேயட்டும். தேஞ்சா சொல்லி அனுப்பு, இன்னொன்னு கொண்டு வர்றேன். நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கதவை யாரும் வெளிய பூட்ட மாட்டாங்க."

நாங்க ரெண்டு பேரும் கட்டில் பக்கத்துல நின்னுட்டு இருந்தோம். கதவுகிட்ட யாரும் இல்ல.

கைப்பிடி மெதுவா கீழ இறங்குச்சு. கதவு திறந்துச்சு. காத்து வந்துச்சு, பிள்ளைங்க சிரிப்புச் சத்தம் வந்துச்சு. கதவு மூடிச்சு.

மறுபடியும் கைப்பிடி கீழ இறங்குச்சு.