எஞ்சின் இல்லாத வள்ளம்

அன்று கடல் அமைதியாகக் கிடந்ததா என்று நிரோஜினியால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. முதல்நாள் பொழுதுபட மழை பெய்து ஓய்ந்தது மட்டும் நிச்சயம்.

இலந்தைக்குடாவுக்கு றோட்டு இல்லை. காட்டுப் பாதையால் நடக்க வேண்டும். இல்லையென்றால் மூதூரிலிருந்து வள்ளம். இரவு மூதூரில் தங்கியிருந்த சின்னப்போடி மாமாதான் விடிய அவளை ஏற்றிவந்தார். ஊர் வழக்கப்படி அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வள்ளத்தில் ஏறினாள். பிறந்த ஊர். திருகோணமலையில் பொலிஸ் வேலைக்குப் போன பிறகு இப்போதுதான் வருகிறாள். சின்ன வயதில் கரை நிறையச் சனம். இப்போது இரண்டே வீடுகளில்தான் ஆட்கள். ஒன்றில் மாமா தனியாக. மற்றதில் சசி, மனைவி சீதேவி, மகள் லதுசா.

கரையில் இறங்கும்போதே சீதேவியின் சத்தம் கேட்டது.

“நாளைக்குச் சாமான் ஏத்திக்கொண்டு மூதூருக்கே போறம், பிள்ளையின்ர படிப்புக்கு. எங்கட வள்ளத்தில எஞ்சினைக் காணேல்ல! இந்தக் கள்ளன்தான்!”

அவள் கைகாட்டிய இக்ராம், எஞ்சின் திருத்த மூதூரிலிருந்து நடந்து வந்தவன். வேலை முடிந்ததும் மழை பிடித்ததால் கரையிலிருந்த மீன்வாடிக் குடிசையில் படுத்துவிட்டான்.

“எடுத்தவன் இஞ்சயே படுத்துக் கிடப்பனா அக்கா?”

“வாயைப் பார்! நேற்று வள்ளத்துக்க சப்பாத்தோட ஏறி நிண்டு வேலை செய்தவன். கண்டும் பேசாமல் இருந்தனே!”

ஈர மணலில் வாடியிலிருந்து வள்ளம்வரை சப்பாத்துத் தடம் போய்த் திரும்பியிருந்தது. இக்ராமின் சப்பாத்தேதான். இரவு அதை வாடி வாசலில் கழற்றி வைத்தானாம்.

“இனியென்ன கதை? பொலிஸில குடுப்பம்,” என்றார் சின்னப்போடி.

“நானும் பொலிஸ்தானே மாமா. கொஞ்சம் பொறுங்கோ.”

“கள்ளன் எண்டு பேர் வந்தால் ஆரும் எனக்கு எஞ்சின் தரமாட்டினம்,” என்றான் இக்ராம்.

நிரோஜினி வள்ளத்தின் அருகே குந்தினாள். இரண்டு சப்பாத்துத் தடங்கள் ஒட்டினாற்போல் அருகருகே. பக்கத்தில் ஒரு வெறுங்கால் தடம்.

“நேற்று இவன் சப்பாத்தோடயே ஏறினவன். மழைக்குப் பிறகு வந்த ஆள் கழட்டி வைச்சிட்டு ஏறியிருக்கு. களவெடுக்கேக்கயும் வள்ளத்தில சப்பாத்துக் கால் வைக்க மனம் வராத ஆள். எங்கட ஆள். இவனில பழி விழட்டும் எண்டு இவன்ர சப்பாத்தைப் போட்டிருக்கு. மாமா ராத்திரி மூதூரில. அக்கா போகத் துடிக்கிறா, அவவாலயும் பிள்ளையாலயும் எஞ்சினைத் தூக்கவும் ஏலாது.”

சீதேவிக்குப் பின்னால் நின்ற சசியை எல்லோரும் பார்த்தார்கள்.

“எங்க வைச்சனீங்கள் அண்ணை?”

“அந்தப் பாறைக்குப் பின்னால. தண்ணிக்கால கொண்டுபோய், நனையாமல் படங்கால மூடித்தான் வைச்சனான்.”

“ஏன்?” என்றாள் சீதேவி.

“இந்தக் கரையை விட்டு வரேலாது எண்டு உன்னட்டச் சொல்லத் தெரியேல்ல.”

“அதுக்கு இந்தப் பொடியனையா மாட்டினனீங்கள்?”

சசி நிமிரவில்லை. நிரோஜினியாலும் அவனைப் பார்க்க முடியவில்லை.

எஞ்சினை இக்ராம்தான் திரும்பப் பூட்டினான். மறுநாள் அவர்கள் போனார்கள். சசி இப்போது மூதூர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறான். லதுசா பள்ளிக்கூடம் போகிறாள். இக்ராம் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். சின்னப்போடி போன மாரியில் இறந்தார். இலந்தைக்குடாவில் இப்போது யாரும் இல்லை.