நிலவில் ஆறு நிமிட நடை

பரிசோதனை நாளில் நிலவு இல்லத்தில் யாரும் காலைப் பலகாரத்தைத் தொடுவதில்லை. தெம்பாகத் தெரிந்துவிட்டால் ஆபத்து.

அங்கிருந்த நாற்பது முதியவர்களுக்கும் தளர்ந்த இதயம். நிலவில் உடலின் எடை ஆறில் ஒரு பங்குதான், இதயத்துக்கு வேலை குறைவு. பூமியில் உட்கார்ந்தே தூங்கியவர்கள் இங்கே மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார்கள். ஆண்டுக்கொருமுறை மட்டும், சுழன்றபடி பூமியின் எடையைத் தரும் நடைவளையத்தில் ஆறு நிமிடம் நடக்கவேண்டும். முந்நூறு மீட்டரைத் தாண்டினால் குணமாகிவிட்டது என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

எண்பத்திரண்டு வயது செண்பகவடிவுக்குப் பாளையங்கோட்டையில் மகன் வீட்டு மாடிப்படியை நினைத்தாலே மூச்சு முட்டியது. இருநூறில் நின்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

முதலில் வாழ்க்கைத்தரக் கேள்விகள். கேட்டது அளவி என்னும் இயந்திரன்.

“மூச்சு முட்டாமல் தூங்க எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், அம்மா?”

“நாலு.”

“உங்களுக்குக் கொடுத்தது ஒன்றுதானே?”

“அதான் தூக்கமே வரல.”

“மகிழ்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு?”

“பன்னெண்டு போட்டுக்கோ.”

அவள் நெஞ்சில் பதித்திருந்த உணர்சில்லு அறுபது என்றது. அளவி இரண்டையும் குறித்துக்கொண்டது.

அவள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். நடைவளையத்தின் ஓரத்தில் மருமகளைப் பெற்ற சம்பந்தி தைலம்மை, தன் முறையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாவம், ரொம்ப மூச்சு வாங்குதே மயினி! நான் இருநூத்தித் தொண்ணூறு நடந்தாச்சு. உங்களுக்கு முடியாதுல்லா, உக்காந்துக்கிடுங்க.”

செண்பகவடிவு காலை இழுப்பதை நிறுத்தினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

“முந்நூற்று நான்கு!” என்று அறிவித்தது அளவி.

தைலம்மை எழுந்து நின்றாள். “என் செருப்பு வார் அறுந்துபோயிருந்துச்சு. அது செல்லாது. நான் திரும்ப நடக்கணும்!”

“அம்மா, நீங்கள் இங்கேயே இருக்கலாம். மறுபடி நடக்கவேண்டிய அவசியமே இல்லை.”

“நடக்கணும்னு சொல்லுதேன்லா!”

முந்நூற்றுப் பதினொன்று நடந்தாள். நடந்து முடித்ததும் அவள் சில்லு மகிழ்ச்சி தொண்ணூற்றேழு என்று காட்டியது. “நானும் இன்னொரு தடவை நடக்கேன்” என்று சொல்லி, செண்பகவடிவு அதற்குள் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அளவி பூமிக்கு அறிக்கை அனுப்பியது: ‘இருவரும் குணமடைந்தனர். ஒருவர் அருகில் மற்றவர் இருக்கும்போதே நடைத்திறனும் வாழ்க்கைத்தரமும் உச்சம் தொடுகின்றன. பிரிக்க வேண்டாம். ஒரே வீட்டில், இயன்றால் ஒரே அறையில் வைக்கவும்.’

இரண்டு ஆண்டு அலைந்து இருவரையும் நிலவில் சேர்த்த மகன் சங்கரநயினாரும் மருமகள் ஆவுடையும் அறிக்கையை இரண்டு முறை படித்தார்கள்.

பிறகு ஆவுடை மெல்ல நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு என்னமோ மூச்சு வாங்குது. உங்களுக்கு?”

“எனக்கும்தான்” என்றான் சங்கரநயினார். “நெலாவுல இப்ப ரெண்டு படுக்கை காலியா இருக்கும், இல்ல?”