ஈரலுக்குப் போன இரத்தம்

"ஐயோ... வயித்தில ஓட்டை!"

இறந்துபோன அஸீமின் மையித்தைக் குளிப்பாட்டியவர் போட்ட சத்தத்தில் கிண்ணியாவில் அந்தத் தெருவே கூடிவிட்டது!

இன்ஸ்பெக்டர் வீரசிங்கம் குனிந்து பார்த்தார்.

வீங்கிய வயிறு. வலது விலாவுக்குக் கீழே ஒரு துளை. இடப் பக்கமும் ஒன்று!

"ஈரல்ல புற்றுநோய், சேர். மூண்டு மாசம்தான் எண்டவை..." விம்மினாள் மனைவி ஸல்ஹா.

மூன்று மாதத்தில் சாகப்போகிறவனை எவன் அவசரப்பட்டுக் கொல்வான்?

அஸீம் துறைமுகக் காவலாளி. அரிசி மூட்டைக் களவைக் கண்ணால் கண்டவன். திங்கட்கிழமை வழக்கு!

அஸீமுக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் அன்னலட்சுமி வயிற்றில் ஊசி ஏற்றி இழுத்தார். தனி இரத்தம்!

"நல்ல ஈரலுக்குக் குடல்ல இருந்து வாற நாளம்தான் கூட இரத்தம் குடுக்கும். புற்றுக்கட்டி, இதயத்தில இருந்து வேகமாப் பாயிற நாடியில இருந்து உறிஞ்சும். குத்தினா நிக்காது. கவனம் எண்டு வீட்டாக்களுக்குச் சொன்னனான்!"

"இவர்தான் குத்தினவர்!" கத்தினான் ஸல்ஹாவின் தம்பி ஜமால்தீன். துறைமுகத்தில் சாக்குத் தைப்பவன். "நேத்து வலி ஊசி போட வந்தவர்!"

மருந்தாளர் கனகசுந்தரம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் கையிலதான் போட்டனான், சேர்! எனக்கு நாலு பொம்பிளைப் பிள்ளையள்!"

வாசலில் நின்றவர்கள் கல்லைத் தூக்கினார்கள்.

"ஈரல் படம் எங்க?" என்றார் வீரசிங்கம்.

"தம்பி நேத்து வாங்கிக்கொண்டு போனவன், சேர்..." என்றாள் ஸல்ஹா.

ஓடிப்போய் எடுத்து வந்தான் ஜமால்தீன். கொழும்பில் எடுத்த இரத்தக் குழாய்ப் படம். இடது மூலையில் குழாய்கள் சிக்குப்பட்ட நூலாய்...

"கட்டி எங்க? ரெண்டு பேரும் உங்கட உடம்பில தொட்டுக் காட்டுங்கோ."

கனகசுந்தரம் படத்தைப் பார்க்கவேயில்லை. கை நேரே வலது விலாவுக்குப் போனது.

ஜமால்தீன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தொட்டது... இடது விலாவை!

"நோயாளி எதிர நிக்கிற மாதிரித்தான் படத்தைப் பிடிக்கிறது. அவற்ற வலம் எங்களுக்கு இடப் பக்கம் தெரியும்," என்றார் டொக்டர்.

"மருந்தாளர் இடப் பக்கம் குத்தியிருக்க மாட்டார்," என்றார் வீரசிங்கம். "படத்தை நம்பினவன்தான் குத்தியிருப்பான். ஜமால்தீன், மடியை அவிழும்!"

சாக்கு ஊசி விழுந்தது. அதன் காதில் கோத்த நூல்... இரத்தச் சிவப்பு!

"வலி ஊசி மயக்கத்தில கிடக்கேக்க இடப் பக்கம் குத்தினன்... வயிறு வீங்கேல்ல. அதுதான் மற்றப் பக்கமும் குத்திப்போட்டு ஓடினன்... திங்கள் வழக்கில, கோட்டில என்ர பேரைச் சொல்லப் போறார் எண்டு..."

பளார்! அறைந்தாள் ஸல்ஹா.

டொக்டர் பெருமூச்சு விட்டார். "வீணாப் போச்சே! திங்கள் கோட்டுக்கு வர அவரால ஏலாது எண்டு நான் எழுதி, போன வியாழனே நீதவான் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்து சாட்சியத்தை எழுதிட்டுப் போனவர். களவெடுத்த எல்லாற்ற பேரும் அதில இருக்கு!"

ஜமால்தீன் அப்படியே குந்திவிட்டான்.

வீரசிங்கம் விலங்கை மாட்டினார்.

"எழும்பும். கோட்டுக்குப் போக அரசாங்க வாகனம் இருக்கு... திரும்பி வாறதுக்குத்தான் இன்னும் ஒழுங்கு செய்யேல்ல!"