அடுப்பை அணைத்தவன்

அந்த அடுப்பு விஷயம் தானே கட்டிவிட்டதா, எங்காவது படித்ததா என்பது இப்போது அவளுக்கே சரியாக நினைவில்லை. யோசிக்க யோசிக்க இரண்டுமே நிஜம்போலத்தான் தோன்றுகிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு குடும்பமே வெட்டிக் கொல்லப்பட்ட வீட்டில்தான் அவளுக்கு வேலை. கொன்றவன் கடைசிவரை அகப்படவில்லை. முதலாளி வீட்டை வாங்கி, கறை படிந்த தரைக்கு மேல் கண்ணாடி பதித்து, காட்சிக்குத் திறந்துவிட்டார். வாசல் கூண்டில் டிக்கெட் கிழிப்பது அவள் கணவன். கூட்டத்தை அறை அறையாக அழைத்துப்போய்க் கதை சொல்வது அவள். ஒரு மந்தமான மத்தியானத்தில், சமையலறையில் நின்றவர்கள் கொட்டாவி விடுவதைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள்.

"போறதுக்கு முன்னாடி அவன் அடுப்பை அணைச்சிட்டுப் போயிருக்கான். பால் பொங்கி வழிஞ்சிடக் கூடாதுன்னு."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அன்றிலிருந்து அது கதையோடு ஒட்டிக்கொண்டது.

"செத்தவங்களை விட்டுட்டுப் பாலுக்கு உச்சுக் கொட்டுறாங்க பாரு," என்று கணவன் சிரித்தான்.

மழை தொடங்கிய சமயம் பக்கத்துத் தெருவில் ஒரு தாயும் மகளும் கொல்லப்பட்டார்கள். இன்ஸ்பெக்டர் கூட்டத்தோடு நின்று அவள் கதையைக் கேட்டுவிட்டு, அவளைத் தனியாக அழைத்தார்.

"அடுப்பு அணைச்சிருந்ததுன்னு யாரும்மா சொன்னா?"

"இங்க நடந்ததுதான் சார்..."

"இங்க அப்படி ஒண்ணும் நடக்கல. இப்ப செத்தாங்களே, அவங்க வீட்டுலதான் அடுப்பு அணைச்சிருந்துது, பால் பொங்காம ஆடை கட்டி நின்னுது. வெளிய யாருக்கும் தெரியாது."

அடுத்து ஒரு தையல்காரர். அங்கும் பால். அங்கும் ஆடை.

அவள் முதலாளியிடம் போய் நின்றாள். "அந்த இடத்தை மட்டும் விட்டுடறேன் சார். பயமா இருக்கு."

"இப்பத்தான் வாசல்ல வரிசை நிக்குது. கதையை மாத்தினே, உன்னையும் மாத்திடுவேன்."

அதற்குப் பிறகு அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு முகத்திலும் அவனைத் தேடினாள். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தவனா, குழந்தையைத் தோளில் போட்டிருந்தவனா, வாய்க்குள் முணுமுணுத்தவனா? அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய் எவனோ செய்கிறான். அப்படியென்றால் அவள் சொல்லித்தான் அவனை நிறுத்த முடியும்.

அன்று நாள் முழுக்க மழை. கடைசிக் கூட்டம் பின்னறையில் நெருக்கியடித்து நின்றபோது, ஈரத்துணி வாடைக்கு நடுவே, குடைகளிலிருந்து கண்ணாடித் தரையில் நீர் சொட்டுவதும், மேலே ஓடுகளை யாரோ விரல்களால் தடவிப் பார்ப்பது போன்ற மழைச் சத்தமும், எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ மூக்கால் நிதானமாக இழுத்துவிடும் மூச்சும் அவள் காதில் விழுந்தன. மூலையில் கிடந்த பழைய மர நாற்காலியைக் காட்டினாள்.

"அவன் வெளிய போகவே இல்ல. இதுல உக்காந்தான். சாகிற வரைக்கும் எழுந்திருக்கல."

மூச்சுச் சத்தம் நின்றது.

யாரும் கைபேசியைக்கூடத் தூக்கவில்லை. பின்னால் யாரோ, "அப்புறம்?" என்றார்கள்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

கூட்டம் கலைந்தது. கதவு நிலையில் சாய்ந்தபடி கணவன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"புதுசா இருக்கே."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தான். "ஆனா அவன் பாவம்."

அவள் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு திரும்பினாள். வாசல் கூண்டில் விளக்கு அணைந்திருந்தது. பின்னறையில் எரிந்தது.

அவன் நாற்காலியில் இருந்தான். முதுகு நேராக. கைகள் முழங்கால்மேல்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அசைவில்லை.

"விளையாடாதீங்கன்னா."

தோளைத் தொட்டாள். மரம்.

மூக்கால் மூச்சு. நிதானமாக.

மறுநாள் அவனை நாற்காலியோடுதான் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். தையல்காரர் செத்த அன்று அவன் கூண்டில்தான் இருந்தான் என்றார்கள் சிலர். கூண்டு சாத்தியிருந்தது என்றார்கள் சிலர். இன்ஸ்பெக்டரால் இரண்டில் எதையும் நிரூபிக்க முடியவில்லை. பிறகு அவருக்கும் மாற்றல் வந்துவிட்டது. முதலாளி வீட்டை விற்றுவிட்டுப் போனார். அதன்பின் அந்தப் பகுதியில் யாரும் கொல்லப்படவில்லை. அவள் இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை.

மருத்துவமனையில் அப்போது நரம்பு வழியாக என்னென்னவோ ஏற்றிப் பார்த்தார்கள். அவன் தேறவில்லை. கட்டிலில் கிடத்திய பிறகும் முழங்கால்கள் மடங்கியே இருந்தன, முதுகு மெத்தையில் படியவில்லை, தலை தலையணைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அவை அவள் கண்களைப் பார்க்கவில்லை, உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்துவிடுவான். அது அவளுக்குத் தெரியும். எழுந்தால் எங்கே போவான்?

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள், அந்தப் பார்வை நின்றுபோகும்வரை.